கட்டியதற்கு வேறு சொல்

அந்த வார்டில் அவளுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். வைத்தவள் ரேடியோ அக்கா. ரேடியோ அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். டியூட்டிக்கு வந்து கை கழுவும்போது திறக்கிற வாயை, டியூட்டி முடிந்து பையை மாட்டும்போதுதான் மூடுவாள்.

"இவகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வரணும்னா நாமதான் பக்கத்தைப் புரட்டணும். ஆனா புரட்டினா நல்ல இங்கிலீஷா வரும்" என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து வார்டு பாய்கூட டிக்‌ஷனரி சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்.

டிக்‌ஷனரிக்கு அதில் வருத்தமில்லை. நாலு வருடமாக அந்த வார்டில் இருந்தாள். தானாகப் போய் யாரிடமும் பேசத் தெரியாது. மற்றவர்கள் கேஸ் ஷீட்டை நீட்டி, "இதுக்கு என்னடி எழுதறது?" என்று கேட்கும்போதுதான் தானும் அங்கே ஒரு ஆள் என்று தோன்றும்.

போன வருடம் ஒன்பதாம் பெட் பெரியவரின் மகன் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டான். 'ரெண்டு கையும் டைடு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதை போனில் படம் எடுத்து, வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். எங்கப்பா என்ன ஆடா மாடா என்று கத்தினான். நிர்வாகத்தில் தலைமை நர்ஸை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவர் வார்டுக்கு வந்து அதைத் திருப்பி இவர்களுக்குக் கொடுத்தார்.

"இனிமே அந்த வார்த்தை எந்த ஷீட்லயும் இருக்கக் கூடாது."

"அப்ப கட்டவே கூடாதா மேடம்?" என்றாள் ரேடியோ அக்கா.

"கட்டாம? மயக்கத்துல ட்யூபைப் பிடுங்கிட்டா உங்க தாத்தா வந்து போட்டு விடுவாரா? எழுதக் கூடாதுன்னு சொன்னேன்."

எல்லாருடைய தலையும் டிக்‌ஷனரி பக்கம் திரும்பியது.

அன்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து தேடினாள். விடுவிப்பது, தளர்த்துவது என்பதற்கெல்லாம் எதிர்ச்சொல் ஆங்கிலத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினாள். முப்பத்தொன்று. பள்ளியில் கனிமங்களைக் கடினத்தன்மைப்படி அடுக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் இவற்றையும் அடுக்கினாள். உச்சியில் சங்கிலி, விலங்கு, அடைப்பு என்கிற சொற்கள். அவை ஜெயிலுக்கு. அடுத்து டைடு, பவுண்ட். அவற்றில் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்து ரிஸ்ட்ரெய்ன்ட், அசையாமல் கட்டுப்படுத்துவது. அதற்குக் கீழே ஹெல்ட், செக்யூர்ட் என்று மெதுவாக இளகிக்கொண்டே வந்தது. அதற்கும் கீழே ஒன்று வேண்டும் என்று பட்டது. யோசித்து சப்போர்ட்டட் என்று எழுதினாள். கையைத் தாங்கி வைத்திருக்கிறது. அந்தச் சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவளாகவே கண்டுபிடித்தது.

"பார்த்தீங்களா, இதுக்குத்தான் படிச்ச பொண்ணு வேணும்ங்கிறது" என்றார் மேடம். பட்டியல் மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டது. டிக்‌ஷனரி இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

இதில் ஒரு விஷயம் இருந்தது. ரிஸ்ட்ரெய்ன்ட் என்பது ஆஸ்பத்திரியின் சட்டப் புத்தகத்தில் இருக்கிற சொல். அதையோ, டைடு என்றோ கேஸ் ஷீட்டில் எழுதினால் கட்டில் காலடியில் ஒரு சிவப்புத் தாளும் மாட்டியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்து, கையை நீவி, விரல் நிறம் பார்த்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சொற்கள் போய் சப்போர்ட்டட் வந்ததும் தாளும் போயிற்று. எழுதாத ஒன்றுக்கு எப்படித் தாள் மாட்டுவது?

அதற்காக அவர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை. டியூட்டி மாறும்போது பெட் நம்பரை வாயால் சொல்லிக்கொண்டார்கள். "நாலு கட்டு, எட்டு கட்டு, பத்து அவுத்தாச்சு." ரேடியோ அக்கா சிரிப்பாள். "நல்லாருக்குடி. ஆஸ்பத்திரியா இது, கீரைக் கடையா?" ஒரு வருடம் இப்படித்தான் ஓடியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆறாம் பெட்டில் இருந்தவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. ஐம்பது வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. குடல் அடைப்புக்கு அறுவை செய்து, மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தது. மருந்தெல்லாம் கழுத்தில் போட்ட லைன் வழியாகப் போனது. அவர் மனைவிக்குக் காது கேட்கும், நன்றாகப் பேசுவார். புருஷனிடம் மட்டும் கையால். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதை மற்ற பெட்டுக்காரர்கள் தொலைக்காட்சி பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் விடிகாலையில் அவர் ட்யூபை இரண்டு முறை உருவிவிட்டார். நைட் டியூட்டியில் இருந்த டிக்‌ஷனரி இரண்டு முறையும் டாக்டரை எழுப்பி மறுபடி போட வைத்தாள். இரண்டாவது முறை டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஆறு மணிக்கு மேஸ்திரியின் கை மூன்றாவது முறையாக மூக்குக்குப் போனது. டிக்‌ஷனரி இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். வலது கை திமிறியது. அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

அவர் கையால்தான் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம்தானே, எட்டு மணிக்கு அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். குளிராக இருந்ததால் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். ஷீட்டில் எழுதினாள்: ரெண்டு கையும் சப்போர்ட்டட்.

எட்டு மணிக்கு ரேடியோ அக்கா வந்து பையைக்கூட வைக்கவில்லை. பதினோராம் பெட்காரர் குளியலறையில் விழுந்து, தையல் பிரிந்து, தரையெல்லாம் ரத்தம். அக்கா உள்ளே ஓடி அவரைத் தூக்கி மடியில் சாய்த்து, காயத்தை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேடம் கதவருகில் நின்று, "டியூட்டி முடிஞ்சவங்க கிளம்புங்க, சும்மா கூட்டம் போடாதீங்க" என்று விரட்டினார். டிக்‌ஷனரி கிளம்பினாள்.

ஹாஸ்டலில் தலை துவட்டும்போது ஞாபகம் வந்தது. போனைக் கையில் எடுத்தாள். அக்கா இப்போது எந்த நிலையில் இருப்பாளோ. போன் செய்தால், 'ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா, அங்கேயே சொல்றதுக்கென்ன?' என்று நாலு பேர் முன்னால் சத்தம் போடுவாள். அதுதான் ஷீட்டில் எழுதியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். போனைத் தலையணை அடியில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனாள்.

ஷீட்டை அக்கா பார்க்கவில்லை. பதினோராம் பெட்டை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பவே மணி பத்தாகிவிட்டது. ஆறாம் பெட் காலடியில் சிவப்பாக எதுவும் தொங்கவில்லை. மேஸ்திரி அடித்தொண்டையில் ஒரு மாதிரி சத்தம் எழுப்பினார். "வலிக்குதாண்ணே? இதோ போட்டுடறேன்" என்று அக்கா கழுத்து லைனில் வலிக்கு மருந்து செலுத்தினாள். போர்வைக்கு மேலேயே தட்டிக் கொடுத்தாள். இது இரண்டு முறை நடந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஷீட்டைப் படித்தார். சப்போர்ட்டட் என்ற சொல்லில் அவர் நிற்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். மேஸ்திரியின் மனைவி வந்து, புருஷனோடு பேசுவதற்காகப் போர்வையை விலக்கினார்.

வலது கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி இருந்தது. பேண்டேஜ் சதைக்குள் புதைந்துபோயிருந்தது. அக்கா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். கை கட்டில் ஓரத்தில் மணிக்கட்டோடு மடிந்து தொங்கியது. நரம்பு நசுங்கியிருக்கிறது, வாரக் கணக்கில் ஆகலாம், மாதக் கணக்கிலும் ஆகலாம், முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் மேடம் டிக்‌ஷனரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"ஏழு மணி நேரத்துல அஞ்சு மணி நேரம் அந்த ரேடியோவோட டியூட்டி. உன் ஷீட்டு சுத்தமா இருக்கு. வாயாலயும் சொல்லிட்டுத்தான் போனேன்னு எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை விசாரணை."

டிக்‌ஷனரி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ கான்ட்ராக்ட். இந்த மாசக் கடைசியோட முடியுது. புதுப்பிக்காம விட்டா விஷயம் அதோட முடிஞ்சுது. நீ பர்மனென்ட். உன்மேல வந்தா என்மேல வரும், என்மேல வந்தா வார்டு மேல வரும். புரியுதில்ல?"

"சரி மேடம்" என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்து மருந்து எடுக்க அலமாரியைத் திறந்தாள். பட்டியல் இல்லை. ஒட்டுநாடா உரிந்த இடத்தில் நாலு மூலைத் தழும்பு மட்டும் இருந்தது.

மாலையில் ரேடியோ அக்கா போன் செய்தாள். இரண்டு பிள்ளைகள் பின்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஏய் டிக்‌ஷனரி. ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. அன்னிக்கு ஆறாம் பெட்டைப் பத்தி எங்கிட்ட சொன்னியா? எனக்கு அந்த ரத்தத்துல எதுவுமே மனசுல இல்லடி. நீ சொல்லி நான்தான் காதுல வாங்கலையோன்னு ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். நீ சொல்லியிருந்தா சொல்லு, நான் ஒத்துக்கறேன். என் தப்புன்னா என் தப்பு. டேய், அவன் தலைமுடியை விடுடா! சொல்லுடி."

"அக்கா..."

"சொன்னியா?"

"அக்கா, நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு வெகு நேரம் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். தன் மேல் ஒரு பொய்யைப் போர்த்திக்கொள்ள அக்கா தானாக வந்து தோளைக் காட்டுகிறாள். அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரே ஒரு 'ம்'.

வியாழக்கிழமை அவளுக்குப் பகல் டியூட்டி. ஆறாம் பெட்டை ஒதுக்கி ஒதுக்கி எல்லா வேலையும் செய்தாள். காய்ச்சல் பார்க்க அங்கே போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. மூக்கு ட்யூப் எடுத்தாகிவிட்டது. வலது கை மணிக்கட்டைத் தாங்கும் பலகையில் கிடந்தது. மனைவி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். மேஸ்திரி இடது கையை அசைத்து எதையோ சொன்னார்.

"சிஸ்டர், இவரு உங்களைத்தான் கேக்குறாரு" என்றார் மனைவி. "பொறுங்க, எனக்கே சரியாப் புரியல. ஒரு கையில பேசுறாரு இல்ல, திக்குவாய் பேசுற மாதிரி பாதி பாதியா வருது. அன்னிக்குக் கட்டினது யாருன்னு கேக்குறாரு."

"நான்தான்" என்றாள் டிக்‌ஷனரி. "ட்யூபை உருவினாரு. மூணு தடவை."

மனைவி கையால் சொன்னார். மேஸ்திரி இரண்டு விரலைக் காட்டினார். பிறகு மூக்கைத் தொட்டு, எரிச்சல் போல முகத்தைச் சுளித்து, கையை அவள் பக்கம் நீட்டினார்.

"ரெண்டு தடவைதானாம். மூணாவது தடவை உருவ வரலியாம். மூக்கு எரியுதுன்னு உங்ககிட்டச் சொல்லத்தான் கையைத் தூக்கினாராம்."

டிக்‌ஷனரி வெப்பமானியை உதறினாள். அது உதறத் தேவையில்லாத பேட்டரி வெப்பமானி.

"அந்த ஷீட்டுல இதைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கேக்குறாரு, சிஸ்டர். விசாரணைன்னு பேசிக்கறாங்கல்ல, அதான்."

அவள் ஷீட்டை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள். நல்ல கையெழுத்து. ஆங்கிலத்தில் படித்தாள்.

"அப்படின்னா?"

"கையை... தாங்கி வச்சிருக்கோம்னு."

மனைவி முகத்தில் கோபம் இல்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம்தான் இருந்தது. இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதை இவருக்கு எப்படிங்க சொல்றது? தாங்கறதுன்னா இது." ஒரு உள்ளங்கையை இன்னொரு மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து மெதுவாக உயர்த்தினார். "இப்படிக் காட்டினா, இதை யாரு செஞ்சா, எப்போ செஞ்சாங்கன்னு கேப்பாரு. நான் என்ன பதில் சொல்ல? உங்க பாஷையில வேற மாதிரி இருக்கலாம். எங்க கையில நடந்ததைத்தாங்க காட்ட முடியும். நீங்களே சொல்லுங்க, எதைக் காட்டட்டும்?"

மேஸ்திரி மனைவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லையே என்கிற பார்வை.

டிக்‌ஷனரி ஷீட்டைக் கட்டில் மேல் வைத்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மணிக்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். சரியா என்று தெரியவில்லை.

மேஸ்திரி அதைக் கவனித்துப் பார்த்தார். ஒட்டிய டைலில் மட்டம் பார்க்கிறவர் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, திறந்திருந்த அவள் விரல்களை மடக்கி முஷ்டியாக்கி, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினார். வலிக்கவில்லை. தலையை ஆட்டினார். இப்போது சரி.

"ஆமாங்க, அதான்" என்றார் மனைவி. "கட்டினாங்கன்னா அப்படித்தான் காட்டணும்."

மறுநாள் விசாரணை அறையில் ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, யாரும் தொடாத தண்ணீர் பாட்டில்கள். நிர்வாக அதிகாரி, ஒரு மூத்த டாக்டர், மேடம். ரேடியோ அக்கா ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டதும் அவள் சுருக்கமாகவே சொன்னாள். பார்க்கலை. போர்வையை விலக்கிப் பார்த்திருக்கணும். பார்க்கலை.

"உங்ககிட்ட வாயால சொன்னாங்களா?"

"சொல்லியிருப்பாங்க சார். எனக்கு ஞாபகமில்ல. அவ சொல்லாமப் போற பொண்ணு இல்ல."

அதிகாரி டிக்‌ஷனரி பக்கம் திரும்பினார். அவள் எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்தாள். மேசைமேல் வைத்துப் படித்தாள். ஆங்கிலத்தில் எழுதவில்லை.

"ஆறு மணிக்கு நான் அவரோட ரெண்டு கையையும் கட்டினேன். வலது கையை அதிகமா இறுக்கினேன். கட்டினேன்னு எழுதல. எழுதியிருந்தா சிவப்புத் தாள் மாட்டணும், மாட்டியிருந்தா அக்கா பார்த்திருப்பாங்க. அக்காகிட்ட வாயாலயும் சொல்லல. ரூமுக்குப் போனப்புறம் ஞாபகம் வந்துச்சு. போன் கையில இருந்துச்சு. பண்ணல."

மேடம் குறுக்கிட்டார். "சார், இவ ரொம்ப பயந்து போயிருக்கா. ரெண்டு நாளா தூங்கல..."

"இருங்க" என்றார் மூத்த டாக்டர். ஷீட்டைக் கையில் எடுத்தார். "கட்டினதை ஏம்மா சப்போர்ட்டட்னு எழுதினே?"

"வார்டுல எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம் சார். அந்த வார்த்தையை நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஒரு வருஷமா எழுதறோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

டாக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். பிறகு டாக்டர் ஷீட்டில் வேறு ஒரு பக்கத்தைத் திருப்பி, தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். அன்று ரவுண்ட்ஸ் போனவர் அவர்தான்.

அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். டிக்‌ஷனரிக்கு ஒரு மாத சஸ்பென்ஷன், அதற்குப் பிறகு என்ன என்பது மேஸ்திரியின் கையைப் பொறுத்தது. ரேடியோ அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை இருக்கும். ஒரு வருடத்து கேஸ் ஷீட்டுகளை ரெக்கார்டு அறையிலிருந்து எடுத்து, அந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள். மேடம் கடைசிவரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வராந்தாவில் ரேடியோ அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். மாடிப்படி முனையில் நின்று திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"யாருடி உன்னை எல்லாரும்னு சொல்லச் சொன்னது?"

டிக்‌ஷனரி அவளருகே வந்து நின்றாள்.

"உன் தப்பை மட்டும் சொல்லியிருந்தாலும் என் வேலை தப்பிச்சிருக்கும், அத்தோட முடிஞ்சிருக்கும். இப்போ என் ஷீட்டையும் எடுப்பாங்க, சின்னப் பொண்ணுங்க ஷீட்டையும் எடுப்பாங்க. எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டுட்டே. சந்தோஷமா?"

"இல்லக்கா."

"கட்டிப் போட்டிருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு, போன் கையில இருந்திருக்கு. நான் என்னடான்னா மூணு நாளா, நீ சொல்லி நான்தான் மறந்துட்டேன்னு..." அக்கா கைப்பையின் வாரால் கண்ணைத் துடைத்தாள்.

"தப்புதான்கா."

"தப்புதான்கா! நல்லாச் சொல்றா பாரு."

கீழே லிஃப்ட் கதவு மூடித் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்தவரின் போர்வை கழுத்துவரை இருந்தது. இருவருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. போர்வைக்குக் கீழே கைகள் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் மறைந்தது.

அக்கா தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒரு வருஷத்துல எத்தனை பேருக்குடி அப்படி எழுதியிருப்போம்?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல" என்றாள் அக்கா. மணியைப் பார்த்தாள். இரண்டு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. அவளுக்கு மத்தியான டியூட்டி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக டிக்‌ஷனரிக்குத் தெரிந்தது. அக்கா கை கழுவினாள், யாரிடமும் எதுவும் பேசவில்லை. முதல் பெட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். அடுத்த பெட்டுக்குப் போனாள். அங்கேயும் விலக்கினாள்.